ஈரத் தாடை

டாக்டர் நாச்சிமுத்துவின் ஆணியில் மூன்று வருடமாகக் காலண்டர்தான் தொங்கியது.

ஆணி, உம்மர் பாயின் பேக்கரிச் சுவரில் இருந்தது. சுவர் முழுக்கக் காட்டில் எடுத்த படங்கள். எல்லாம் எஸ்தரிடம் படம் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் எடுத்தவை. ஓர் ஆளுக்கு ஓர் ஆணி, ஒரு படம். எந்தப் படம் ஏறலாம் என்று எஸ்தர் சொல்வார். காரணம் சொல்வதில்லை. ஒளித்துவைத்த கேமரா தானாக எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சுவரில் ஏறாது.

எஸ்தருக்கு முப்பத்தாறு வயது. தேயிலை பறித்தவர்களின் மகள். ஆராய்ச்சிக்காரர்களுக்காகப் பத்து வருடம் மரம் மரமாகச் சோலைமந்திகளை எண்ணிக் கொடுத்தவர். அந்த வேலையில் கேமரா கைக்கு வந்தது. வேலை போன பிறகும் கேமரா போகவில்லை.

நாச்சிமுத்துவுக்கு அறுபத்தொன்று. கோபியில் முப்பது வருடம் பல் டாக்டர். வலது கை நடுங்கத் தொடங்கியதும் கிளினிக்கை மூடினார். பெரிய லென்ஸையும் விற்றார். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியவில்லை. இப்போது இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன லென்ஸ்; படம் பெரிதாக விழப் பக்கத்தில் போயாக வேண்டும். அடுத்த வருடம் டீ டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்க வேண்டியிருக்கும் என்று கோவையில் நரம்பு டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கோடைக்குள் ஒரு படம் சுவரில் ஏறாவிட்டால் பிறகு ஏறப்போவதில்லை.

"உங்க ஆணிக்கு நான் வருஷா வருஷம் காலண்டர் மாத்தறேன் டாக்டரே," என்பார் உம்மர் பாய். "ஒரு நன்றிகூடச் சொல்றதில்ல."

"உங்களுக்குப் பல்லு வலி வரும்ல, அப்பச் சொல்றேனுங்க."

அவர் எடுக்க விரும்பியது சருகுமான். முயல் உயரம் இருக்கும். கால்கள் பென்சில்போல. கொம்பு கிடையாது. ஆணாக இருந்தால் மேல்தாடையில் இரண்டு கோரைப்பல் உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கொம்புக்குப் பதிலாகப் பல் வைத்துக்கொண்ட மான் ஒன்று இருக்கிறது என்று எஸ்தர் சொன்ன நாளிலிருந்து டாக்டருக்கு வேறு மிருகம் கண்ணில் படவில்லை. ஆனால் மூன்று வருடத்தில் சருகுமானின் பின்பக்கத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்திருந்தார்.

அந்த வருடம் கோடை மழை பெய்யவில்லை. நவம்பருக்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை. பாறையில் பாசி பழுப்பாகி, தொட்டால் உதிர்ந்தது. பலாப்பிஞ்சுகள் சுருங்கி விழுந்தன. தவளைச் சத்தம் நின்றுபோயிற்று.

"அட்டையே இல்லீங்க டீச்சர்," என்றார் டாக்டர். காட்டிலிருந்து வந்ததும் சாக்ஸை உதறிப் பார்க்க வேண்டாத முதல் வருடம் அது. "சொர்க்கமுங்க."

"எனக்கு ஒண்ணாவது கடிச்சாத் தேவலை," என்றார் எஸ்தர்.

அந்தக் காடு, தேயிலைக்கு நடுவே வெட்டாமல் விட்டுப்போன ஒரு சோலை. அதன் ஓடை நின்று, ஒரு பாறைக்கு அடியில் ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. அண்டா அளவு இருக்கும். எஸ்தர் அதில் ஒரு குச்சியை நட்டு விரலளவுக்கு விரலளவு கோடு போட்டிருந்தார். இரண்டு நாளுக்கு ஒரு கோடு வெளியே தெரிந்தது.

ஏப்ரல் முதல் வாரம் எஸ்தரின் தங்கைக்குப் பொள்ளாச்சியில் பிரசவம். எஸ்தர் ஐந்து நாள் போய்விட்டார்.

திரும்பி வந்த அன்று மாலை பேக்கரிக்கு லட்டு டப்பாவோடு வந்தார். டாக்டர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. உம்மர் பாய் காலண்டரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன குழந்தைங்க டீச்சர்?"

"பொண்ணு. லட்டு எடுத்துக்குங்க. காலண்டர் ஏன் கீழ வந்துச்சு?"

"நீங்களே பாருங்க," என்றார் பாய். "டாக்டர் இந்த தடவ பல்லப் புடுங்கிட்டார்."

டாக்டர் லேப்டாப்பைத் திருப்பினார்.

சருகுமான். திரை முழுக்க. உடம்பின் வெள்ளைக் கோடுகளில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக நின்றது. கண்ணில் வானமும் மரக்கிளையும் தெரிந்தன. உதட்டோரம் இரண்டு கோரைப்பல், புது அரிசிபோல.

எஸ்தர் வெகுநேரம் பார்த்தார். "எங்க உட்கார்ந்தீங்க?"

"குட்டைக்குப் பக்கத்துலயேதானுங்க. பச்சைத் துணியில கூடாரம் கட்டி உள்ள படுத்துக்கிட்டேன். ஆறடி. நாலு நாளும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு வந்துருச்சுங்க. மத்ததெல்லாமும் வருது. கேளையாடு, மரகதப்புறா, கீரி. எல்லாமே நேரா லென்ஸப் பாக்குது."

"நமக்கும் ஒரு விருந்தாளி வருது எஸ்தரு," என்றார் பாய். "பின்னாடி ரொட்டித் தட்டுக் கழுவுற தண்ணி ஓடுதில்ல, அங்க ஒரு சருகுமான். பட்டப்பகல்ல. நேத்து பஜார் நாய் ரெண்டும் துரத்துச்சு. மாவு மூட்டை ரூமுக்குள்ள ஓடி, வெள்ளையா வெளிய வந்துச்சு. நாய்க்கே அடையாளம் தெரியல."

டாக்டர் சிரித்தார். எஸ்தரும் சிரித்தார். பிறகு கேட்டார்.

"எத்தனை நாளா வருது பாய்?"

"நாலு நாளா."

எஸ்தர் லட்டில் பாதியை வாயில் போட்டுக்கொண்டு மற்ற படங்களைத் தள்ளிப் பார்த்தார். எண்ணூற்றுச் சொச்சம் படங்கள்.

"டாக்டர், இதுல யாரு தண்ணி குடிச்சது?"

"எல்லாந்தானுங்க. தண்ணிக்குத்தானே வருது."

"நீங்க பல் டாக்டர். வாயப் பாருங்க."

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு படத்தைப் பெரிதாக்கினார். இன்னொன்றைப் பெரிதாக்கினார். முப்பது வருடம் வாய்களைப் பார்த்தவர். நேரம் ஆகவில்லை.

"உதடு ஒட்டிக்கிட்டிருக்குங்க," என்றார். "கடவாயில வெள்ளையா எச்சில் காஞ்சிருக்கு." அடுத்த படம். "இதுவும் அப்படித்தான்." அடுத்தது. "தாடை மயிர் காஞ்சேதான் இருக்கு. குடிச்சிருந்தா நனைஞ்சிருக்கோணும்."

"கீரி?"

"கீரியும் குடிக்கலீங்க."

உம்மர் பாய் காலண்டரைத் திரும்பவும் ஆணியில் மாட்டினார். சத்தம் வராமல்தான் மாட்டினார்.

"நான் அசையவே இல்லீங்க டீச்சர்," என்றார் டாக்டர். "மூச்சுக்கூட அடக்கித்தான் விட்டேன். சத்தமே வராத கேமரா. ஒரு கெடுதலும் பண்ணலீங்களே. அப்பறம் எதுக்கு அது குடிக்காமப் போவுது?"

எஸ்தர் மீதி லட்டையும் சாப்பிட்டார். "நாளைக்குக் காலையில மேல போலாம். தண்ணி நிறைய எடுத்துக்குங்க."

காலையில் டாக்டர் இரண்டு பாட்டில் எடுத்துவந்தார். ஏற்றம் தொடங்கிக் கால்மணி நேரத்தில் நாக்கு வறண்டது. ஒரு வளைவில் நின்று மூடியைத் திறந்தார். வாய் வைத்துக் குடித்துப் பழக்கமில்லை, அண்ணாந்துதான் குடிப்பார். அண்ணாந்தார். காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சுச் சத்தம். கண்ணைத் திருப்பினால், ஒரு முழம் தள்ளி எஸ்தரின் கேமரா.

தண்ணீர் மூக்கில் விழுந்தது.

"சித்த பொறுங்க," என்று தலையைக் கோதிக்கொண்டார். சட்டைக் காலரைச் சரிசெய்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். மறுபடி பாட்டிலைத் தூக்கினார். கேமரா அங்கேயே இருந்தது.

"எடுத்தாச்சுங்களா?"

கேமரா இறங்கவில்லை.

டாக்டர் பாட்டிலை மூடினார். "பரவாயில்லீங்க. அப்பறம் குடிச்சுக்கறேன்."

அடுத்து, விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் உட்கார்ந்தபோது மூடியைத் திறந்தார். லென்ஸ் வந்தது. மூடினார். ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டே குடிக்கப் பார்த்தார். எஸ்தர் முன்னால் ஓடிப்போய்ப் பின்பக்கமாக நடந்தபடி கேமராவைப் பிடித்தார். ஓர் இடத்தில் டாக்டர், தூரத்துக் கிளையைக் காட்டி, "டீச்சர், அங்க இருவாச்சி," என்றார். எஸ்தர் திரும்பவில்லை.

"நான் என்ன புலிங்களா?" என்றார் டாக்டர்.

"நீங்க பாட்டுக்குக் குடிங்க. நான் அசையவே மாட்டேன். மூச்சுக்கூட அடக்கித்தான் விடுவேன்."

டாக்டர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது.

பதினோரு மணிக்கு அவரால் முடியவில்லை. "ஒரு நிமிசமுங்க," என்று பாதையை விட்டு இறங்கினார். எஸ்தர் உட்கார்ந்துகொண்டார். டாக்டர் ஒரு மரத்துக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். அடுத்த மரத்துக்குப் போனார். அங்கிருந்தும் பார்த்தார். கடைசியில் வேர் சுவர்போல எழுந்து நின்ற ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் மறைந்தார்.

திரும்பி வந்தபோது ஒரு பாட்டில் காலி. மீசை, தாடை, சட்டையின் முன்பக்கம் எல்லாம் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டே வந்தார்.

எஸ்தர் காலையில் எடுத்த படங்களைக் கேமராவில் ஒவ்வொன்றாகக் காட்டினார். பதினான்கு படங்கள். எல்லாவற்றிலும் டாக்டர் நேராக லென்ஸைப் பார்த்தார். கூர்மையாக இருந்தார். ஒவ்வொரு நரைமயிரும் தெரிந்தது. உதடு ஒட்டியிருந்தது.

டாக்டர் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெரிய மரம்வரை போனார். அங்கிருந்து தப்படி போட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"முப்பத்தெட்டுங்க," என்றார். "இது எனக்கு. முயல் அளவு இருக்கறதுக்கு எத்தனைங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? அது உங்க பேஷண்ட்."

அன்றே பச்சைக் கூடாரத்தைப் பிரித்தார்.

மாலையில் நாற்பது தப்படி தள்ளிப் புதருக்குள் உட்கார்ந்தார். சருகுமான் வந்தது. காதைத் திருப்பியது. போய்விட்டது.

"இன்னிக்கும் தட்டுத்தண்ணிக்கு வந்துச்சு," என்றார் உம்மர் பாய். "நாய நான்தான் ரொட்டி போட்டுப் புடிச்சு வெச்சேன். ஒரு பாக்கெட் ரொட்டி போச்சு."

மறுநாள் ஐம்பத்தைந்து. சருகுமான் தலையைக் குனிந்தது. இரண்டு மடக்கு. நிமிர்ந்தது. போய்விட்டது.

"ரெண்டு மடக்குங்க டீச்சர்," என்று வந்து சொன்னார்.

"வேற?"

"வேற என்னங்க, சுண்டு விரல் அளவு இருக்குது படத்துல."

"பாய் என்ன சொல்றார்?"

"இன்னிக்கும் வந்துச்சாமுங்க."

அதற்கு மறுநாள் காற்று இவர் பக்கமிருந்து குட்டைப் பக்கம் அடித்தது. எதுவும் வரவில்லை. குச்சியில் இரண்டே கோடு தண்ணீரில் இருந்தது. டாக்டரின் கை அன்று கூடுதலாக நடுங்கியது. இரவு கோபியிலிருந்து மனைவி ஃபோனில், "போதும் வாங்க, ஒரு காலண்டர்ப் படத்துக்கு எதுக்கு இத்தனை பாடு?" என்றார். "காலண்டரை எடுக்கறதுக்குத்தான் படம்," என்றார் டாக்டர்.

அடுத்த நாள் ஓடையைத் தாண்டி எதிர்ச்சரிவில் ஏறினார். அங்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதற்குப் பின்னால் சருகின்மேல் படுத்துக்கொண்டார். எழுபத்தெட்டுத் தப்படி. காற்று எதிரே வந்தது. கண்ணுக்கே குட்டை ஒரு எவர்சில்வர்த் தட்டு அளவுதான் தெரிந்தது. கேமராவில் வெறும் மினுக்கம்தான்.

அன்று மாலை பேக்கரிக்கு எஸ்தர் வந்தபோது உம்மர் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னிக்கு வரல எஸ்தரு. தட்டுத்தண்ணி அப்படியே நிக்குது. நாய் ரெண்டும் சும்மா படுத்திருக்கு. நான் ரொட்டி வேற பிச்சு வெச்சேன். டாக்டர் என்ன பண்ணார்?"

"தெரியல பாய்."

மறுநாள் மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தது. முதல் சொட்டுகள் தகரக்கூரையில் சரளைக்கல் கொட்டியதுபோல விழுந்தன. பிறகு தனித்தனிச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் பெய்தது. தேயிலைச் சரிவெல்லாம் ஓடையாயிற்று. பஜாரில் ஆட்கள் குடையை மடக்கிவைத்துவிட்டு நின்றார்கள். காடு முழுக்க எங்கே வேண்டுமானாலும் தண்ணீர். இனி அந்தக் குட்டைக்கு யாரும் வரவேண்டியதில்லை.

மூன்று நாள் கழித்து டாக்டர் பேக்கரிக்கு வந்தார். காட்டுக்குள் போய்விட்டு வந்திருந்தார். அட்டை ஏறி இடது சாக்ஸில் ரத்தம் கசிந்தது. உம்மர் பாய் உப்பு டப்பாவை நீட்டினார்.

"இருக்கட்டுங்க. அது பாட்டுக்குக் குடிக்கட்டும்," என்றார் டாக்டர்.

எஸ்தர் அந்தக் காலைப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

டாக்டர் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். பைக்குள், ஆறடியில் எடுத்த படம் வைத்த இன்னொரு கவரும் இருந்தது. பெரியது. அதன் மூலை வெளியே தெரிந்தது. அவர் அதை உள்ளே தள்ளிப் பையின் ஜிப்பை இழுத்துவிட்டார்.

"இது ஆகாதுன்னு தெரியுமுங்க," என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். கையும் ஆடிருச்சு. இருந்தாலும் பிரிண்ட் போட்டுக் கொண்டாந்தேன்."

படத்தை மேஜைமேல் வைத்தார்.

காய்ந்த சரிவு ஒன்று. உதிர்ந்த இலைகள், பழுப்புப் பாறைகள், மேலே இலையில்லாத கிளைகள். எல்லாம் ஒரு மயிரிழை ஆடியிருந்தது. நடுவில் தண்ணீர் மினுங்கியது. அதன் கரையில் புளியங்கொட்டை அளவு ஏதோ இருந்தது.

உம்மர் பாய் எட்டிப் பார்த்தார். "இதுல மான் எது டாக்டரே?"

"அதோ அதுங்க."

"பல்லு?"

"பல்லு தண்ணிக்குள்ள இருக்குங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு மடக்கு குடிச்சுதுங்க. எண்ணினேன். குடிச்சு முடிச்சு நிமிந்து, நாக்கச் சுழட்டி மூக்க நக்கிக்கிட்டு, அங்கேயே நின்னு ஒரு இலையக்கூட மென்னுச்சு."

எஸ்தர் படத்தைக் கையில் எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். டாக்டர் டம்ளரை எடுத்தார். நடுங்கியது. இரண்டாவது கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

எஸ்தர் சுவரருகே போய்க் காலண்டரைக் கழற்றி உம்மர் பாயிடம் கொடுத்தார். ஆணியில் படத்தை மாட்டினார். கோணலாக இருந்தது. விரலால் தட்டிச் சரிசெய்தார்.

டாக்டர் டம்ளரைக் கீழே வைக்க மறந்துபோனார்.

உம்மர் பாய்க்குத் திருப்தியில்லை. காலண்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். சுவருக்குப் பக்கத்தில் போனார். இன்னும் குனிந்தார். மூக்கு படத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

"என்ன பாக்கறீங்க பாய்?" என்றார் எஸ்தர்.

"நம்ம மாவு மான்தானான்னு பாக்கறேன்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அது குடிச்சிட்டிருக்கு."